மங்கோலியப் பண்டிகைகளும் வழக்கங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை நிமித்தம் சில ஆண்டுகள் மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில் இருந்தேன். அப்போதிலிருந்து உறவினர்கள், அங்கே படிக்கவோ சுற்றிப் பார்க்கவோ கிளம்புகிறவர்கள், அவர்களின் பெற்றோர் என்று பலரும் ஏறக்குறைய இதே சந்தேகங்களைத்தான் கேட்டு வருகிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மங்கோலியர்களோடு தொடர்புடைய கசாக், புர்யாத், துவா, கல்மிக் மக்களும் இதில் வருகிறார்கள். அவர்களை விட்டுவிட்டு இந்த வழக்கங்களைப் பேச முடியாது.

அங்கே என்னென்ன பண்டிகை? நம்ம பொங்கல், தீபாவளி மாதிரி பெரிசா ஏதாவது உண்டா?

பெரியவை இரண்டு. குளிர்காலத்தின் கடைசியில் வரும் சந்திரப் புத்தாண்டு சகான் சார், அதாவது வெள்ளை மாதம். கோடையின் நடுவில் ஜூலை 11-ஆம் தேதி தொடங்குவது நாதாம். முன்னது வீட்டுக்குள் நடப்பது, பின்னது வெட்டவெளியில் நடப்பது.

இந்த இரண்டு காலத்துக்கும் காரணம் உண்டு. நாட்டின் மக்கள் தொகை சுமார் 35 லட்சம்தான். குதிரை, ஒட்டகம், மாடு, செம்மறி, வெள்ளாடு என்ற ஐந்து வகைக் கால்நடைகளோ அதைப்போலப் பதினைந்து மடங்குக்கு மேல். குளிரின் உச்சத்தைத் தாண்டி, குட்டி ஈனும் பருவம் தொடங்கும் நேரத்தில் வருவது சகான் சார். புல் தழைத்துப் பால் பெருகும் நேரத்தில் வருவது நாதாம். எந்த வழக்கத்தைப் பார்த்தாலும், "இந்த நேரத்தில் மந்தை என்ன நிலையில் இருக்கும்?" என்று யோசித்துப் பாருங்கள். பாதி விளங்கிவிடும்.

சகான் சார்னா சீனப் புத்தாண்டுதானே? பேரை மட்டும் மாத்தி வச்சிருக்காங்களா?

இல்லை. மங்கோலியர்களிடம் இப்படிக் கேட்டுவிடாதீர்கள், மனம் வருந்துவார்கள். இரண்டும் சந்திர நாட்காட்டியைப் பின்பற்றுவதால் பல ஆண்டுகளில் ஒரே நாளிலோ அடுத்தடுத்த நாளிலோ வரும். ஆனால் மங்கோலியக் கணக்கு வேறு. 18-ஆம் நூற்றாண்டில் சும்பே கம்பா என்ற பௌத்த அறிஞர் வகுத்த முறையை வைத்துத்தான் அங்கே நாள் குறிக்கிறார்கள். கூடுதல் மாதம் எங்கே விழுகிறது என்பதில் இரண்டு கணக்கும் மாறும்போது ஒரு மாதமே தள்ளிப்போகும். 2023-இல் சீனப் புத்தாண்டு ஜனவரி 22, சகான் சார் பிப்ரவரி 21. 2025-இல் அது ஜனவரி 29, இது மார்ச் 1.

கொண்டாடும் விதமும் வேறு. சீனப் புத்தாண்டின் சிவப்பு அலங்காரத்தை இங்கே பார்க்க முடியாது. இங்கே வெள்ளைக்குத்தான் முதலிடம். பால், தயிர், பாலாடை எல்லாம் மங்கலப் பொருட்கள். மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் அவையில் புத்தாண்டு அன்று எல்லோரும் வெள்ளை உடுத்தியதை மார்கோ போலோவே எழுதி வைத்திருக்கிறார்.

வீட்டுல என்னதான் பண்ணுவாங்க? கோயிலுக்குப் போவாங்களா?

மடத்துக்கும் போவார்கள், ஆனால் பண்டிகையின் மையம் வீடுதான். வேலை பல நாள் முன்பே ஆரம்பித்துவிடும். வீடு சுத்தம் செய்ய வேண்டும், கடனை அடைக்க வேண்டும், சண்டை போட்டவரிடம் சமாதானம் பேச வேண்டும். அப்புறம் பூஸ். கொத்திய இறைச்சியை மாவுக்குள் வைத்து ஆவியில் வேகவைக்கும் பண்டம் இது. குடும்பமே வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் மாவைத் தேய்க்க, ஒருவர் இறைச்சி வைக்க, ஒருவர் விளிம்பை மடித்துக் கிள்ள, ஆயிரக்கணக்கில் செய்வார்கள். தட்டு தட்டாக வெளியில் வைத்தால் போதும், கல்லாக உறைந்துவிடும். குளிர்பதனப் பெட்டி தேவையில்லை. விருந்தாளி வந்ததும் எடுத்து வேகவைப்பதுதான் வேலை.

புத்தாண்டுக்கு முந்தைய இரவு பித்தூன். நிலவே இல்லாத இரவு. அன்று வயிறு நிறையச் சாப்பிட்டே ஆக வேண்டும், பசியோடு படுத்தால் ஆண்டு முழுக்கப் பசி என்பார்கள். வாசலில் மூன்று பனிக்கட்டித் துண்டுகளை வைப்பதும் உண்டு. அன்றிரவு காவல் தெய்வமான பால்டன் லாமோ ஊர் ஊராக வலம் வருவதாகவும், அவளுடைய வாகனம் தாகம் தீர்க்க அந்தப் பனி என்றும் நம்பிக்கை.

மேசையின் நடுவில் இருப்பது உல் போவ். உள்ளங்கால் வடிவத்தில் நீளமான, கெட்டியான பணியாரங்களை அடுக்கடுக்காகக் கட்டுவார்கள். அடுக்கு ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். இளம் தம்பதி வீட்டில் மூன்று, பேரன் பேத்தி எடுத்தவர் வீட்டில் ஏழு என்று அடுக்கைப் பார்த்தே வீட்டின் வயதைச் சொல்லிவிடலாம். மகிழ்ச்சி, துக்கம், மறுபடி மகிழ்ச்சி என்று அடுக்கை எண்ணுவதால் கடைசி அடுக்கு மகிழ்ச்சியில் முடிய வேண்டும், அதற்குத்தான் ஒற்றைப்படை. உச்சியில் ஆரூல் என்ற உலர்ந்த தயிர்க்கட்டிகளும் சர்க்கரைக் கட்டிகளும் இருக்கும். பக்கத்தில் முழுதாக வேகவைத்த செம்மறியின் முதுகுப் பகுதி, கொழுத்த வாலோடு.

பெரியவங்களை எப்படி வணங்கணும்? காலில் விழணுமா?

காலில் விழும் வழக்கம் இல்லை. இதற்கு ஸொல்கோ என்று தனி முறை இருக்கிறது. பெரியவர் இரண்டு கையையும் உள்ளங்கை கீழே பார்க்க நீட்டுவார். சிறியவர் தன் கைகளை அவற்றுக்கு அடியில், உள்ளங்கை மேலே பார்க்க வைத்து, அவருடைய முழங்கையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். "அமர் பைன ஊ?" என்று நலம் கேட்க வேண்டும். பெரியவர் குனிந்து உங்கள் கன்னத்தை முகர்வார். வயதானவர்களின் எலும்பும் தோலுமான முழங்கை உங்கள் உள்ளங்கையில் வந்து அமரும் அந்த நொடிதான், எனக்குக் கேட்டால், முழுப் பண்டிகையும். "நீ தளர்ந்தால் நான் தாங்குவேன்" என்று வாய்விட்டுச் சொல்லாமல் சொல்வது அது.

கையில் கதக் என்ற நீலப் பட்டுத்துணி இருந்தால் அதை விரித்த கைகளின் மேல் போட்டுக்கொண்டு வணங்குவது கூடுதல் மரியாதை. மடிப்பின் திறந்த பக்கம் பெரியவரைப் பார்த்திருக்க வேண்டும். வீட்டிலேயே மூத்தவரிடம் முதலில் போக வேண்டும், பிறகு வயது வரிசை. கணவனும் மனைவியும் மட்டும் தங்களுக்குள் ஸொல்கோ செய்துகொள்ள மாட்டார்கள்.

அடுத்து மூக்குப்பொடிக் குப்பி வரும். கல்லில் குடைந்த, பவள மூடி போட்ட அழகான குப்பிகள், சில தலைமுறை தலைமுறையாக வருபவை. வலது கையில் வாங்கி, மூடியைக் கொஞ்சம் தளர்த்தி முகர்ந்துவிட்டு, அதே கையால் திருப்பிக் கொடுங்கள். பொடி போடும் பழக்கம் இல்லாதவர்கள் குப்பியை மூக்கருகே கொண்டுபோனாலே போதும்.

பண்டிகைக்குக் கூப்பிட்டிருக்காங்க. என்ன வாங்கிட்டுப் போறது?

வீட்டு மூத்தவருக்கு ஒரு கதக், அதன்மேல் புது ரூபாய் நோட்டு ஒன்று, அதாவது அவர்கள் ஊர் தோக்ரோக். பிள்ளைகளுக்கு இனிப்பு. அவ்வளவு போதும். கிளம்பும்போது வீட்டுக்காரர்கள் உங்களுக்குப் பரிசு கொடுப்பார்கள், மறுக்காதீர்கள். விருந்தாளி வெறுங்கையோடு திரும்பக்கூடாது என்பது அங்கே உறுதியான வழக்கம்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். இந்தப் பரிசுச் செலவும் விருந்துச் செலவும் நகரத்துக் குடும்பங்களுக்கு இப்போது பெரிய பாரம். கடன் வாங்கிப் பண்டிகை செய்பவர்களை எனக்குத் தெரியும். ஆகவே, நீங்கள் விலை உயர்ந்த பொருளைக் கொடுத்து அவர்களையும் அதே அளவுக்குத் திருப்பிக் கொடுக்கும் நிலைக்குத் தள்ளாதீர்கள்.

நான் சுத்த சைவம். பட்டினிதானா?

பட்டினி இல்லை, ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உப்புப் போட்ட பால் தேநீரான சூத்தே சாய், மேலே சொன்ன ஆரூல், காய்ச்சிய பாலின் தடித்த ஆடையான உரும், பொரித்த போர்சோக் இவற்றில் இறைச்சி இருக்காது. பொரித்த பண்டம் ஆட்டுக்கொழுப்பில் பொரிக்கப்பட்டிருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். உலான்பாத்தரில் சைவ உணவகங்கள் இருக்கின்றன. நாட்டுப்புறத்தில்தான் சிரமம், அங்கே கையில் பொடியும் அவலும் கொண்டுபோங்கள்.

இறைச்சியே கதி என்று அவர்கள் இருப்பதற்குக் காரணம் நிலம். பயிர் வளரும் காலம் மிகக் குறைவு. கோடையில் "வெள்ளை உணவு" எனப்படும் பால் பண்டங்கள், குளிரில் இறைச்சி என்று ஆண்டையே இரண்டாகப் பிரித்து உண்டவர்கள். நாதாம் நேரத்தில் போனால் உங்கள் பாடு கொண்டாட்டம்தான்.

குதிரைப்பாலைப் புளிக்கவச்சு குடிப்பாங்களாமே, போதை ஏறுமா? வேண்டாம்னு சொல்லலாமா?

அதன் பெயர் ஐராக். மாட்டுத்தோலில் தைத்த கோக்கூர் என்ற பெரிய பையில் பாலை ஊற்றி, மத்தால் நாள் முழுக்க ஆயிரக்கணக்கான முறை கடைவார்கள். கெர் எனப்படும் அவர்கள் வட்டக் கூடாரத்தின் கதவருகே பை தொங்கும். உள்ளே வருகிறவர், போகிறவர் எல்லோரும் நாலு கடை கடைந்துவிட்டுப் போக வேண்டும், விருந்தாளியும்தான். புளிப்பும் லேசான நுரையுமாக இருக்கும். மது அளவு பொதுவாக இரண்டு மூன்று சதவீதம்தான். ஆனால் கிண்ணம் சிறியதல்ல, நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். பழக்கமில்லாதவர் வயிறு முதல் நாள் கலங்கலாம். இந்தக் கடையும் முறையையும் அதைச் சூழ்ந்த வழக்கங்களையும் 2019-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது.

மறுக்கலாம், ஆனால் வாங்காமல் மறுக்கக்கூடாது. கிண்ணத்தை வலது கையால், அல்லது இரண்டு கையாலும் வாங்கி, உதட்டில் தொட்டுவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்தக் கூடாரத்துக்குள்ள என்னெல்லாம் செய்யக்கூடாது? ஏகப்பட்ட விதி இருக்காமே?

விதிகள் நிறைய, அடிப்படை மூன்றுதான்: நிலைப்படி, நெருப்பு, தூண். நிலைப்படியை மிதிக்காமல் தாண்டி உள்ளே போங்கள். நடுவில் இருக்கும் அடுப்பு புனிதம். அதில் குப்பை போடக்கூடாது, தண்ணீர் ஊற்றக்கூடாது, அதைப் பார்த்துக் காலை நீட்டி உட்காரக்கூடாது. கூரையைத் தாங்கும் இரண்டு தூண்களுக்கு நடுவே நடக்கவோ எதையாவது கை மாற்றவோ கூடாது.

கதவு எப்போதும் தெற்கு பார்த்திருக்கும். உள்ளே நுழைந்ததும் உங்கள் இடப்பக்கம், அதாவது மேற்கு, ஆண்களுக்கும் விருந்தாளிகளுக்கும். கிழக்குப் பக்கம் வீட்டுப் பெண்களுக்கு, சமையல் சாமான் அங்கேதான். கதவுக்கு நேர் எதிரே வடக்கில் இருக்கும் கோய்மோர் மூத்தவர்களுக்கும் பூசைப் பொருட்களுக்கும் உரியது. கூப்பிட்டால் ஒழிய அங்கே போய் உட்காராதீர்கள்.

கதவைத் தட்டும் வழக்கம் கிடையாது. தூரத்திலிருந்தே "நோகோய் கோர்!" என்று குரல் கொடுப்பார்கள், நாயைப் பிடித்துக்கொள் என்று பொருள். அந்த நாய்களைப் பார்த்தால் நீங்களே சத்தமாகக் கூவுவீர்கள். தெரியாமல் யார் காலையாவது இடறிவிட்டால் உடனே கை கொடுத்துவிடுங்கள், விஷயம் முடிந்தது.

நாதாம்ங்கிறது விளையாட்டுப் போட்டியா, பண்டிகையா?

இரண்டும்தான். மல்யுத்தம், குதிரைப் பந்தயம், வில்வித்தை என்ற மூன்றும் சேர்ந்ததை "ஆடவர் மூவாட்டம்" என்பார்கள். பெயர்தான் ஆடவர், வில்வித்தையில் பெண்கள் போட்டியிடுகிறார்கள், குதிரைப் பந்தயத்தில் சிறுமிகளும் ஓட்டுகிறார்கள். செம்மறியின் கணுக்கால் எலும்புகளைச் சுண்டிக் குறி பார்க்கும் ஆட்டமும் இப்போது கூடவே நடக்கிறது. தேசிய நாதாம் உலான்பாத்தரில் நடக்கும். குதிரைப் பந்தயம் மட்டும் நகருக்கு வெளியே கூய் தோலோன் குதாக் சமவெளியில். அதே சமயத்தில் மாவட்டந்தோறும் சின்னச் சின்ன நாதாம்களும் உண்டு. எது சிறந்தது என்று கேட்டால் தயங்காமல் சின்னதைச் சொல்வேன். அங்கே கயிறு கட்டித் தள்ளி நிறுத்த மாட்டார்கள், மல்யுத்தக்காரரின் மூச்சு கேட்கும் தூரத்தில் புல்தரையில் உட்காரலாம்.

வில்வித்தையை மட்டும் தவறவிடாதீர்கள். தோலால் பின்னிய சிறு உருளைகளைத் தரையில் அடுக்கி, ஆண்கள் 75 மீட்டர் தூரத்திலிருந்து எய்வார்கள். அம்பு பட்டதும் குறிக்கு அருகில் நிற்கும் நடுவர்கள் கையைத் தூக்கி "ஊகாய்" என்று இழுத்துப் பாடுவார்கள். தூரத்தில் நிற்பவருக்கு அந்தப் பாட்டுத்தான் மதிப்பெண் பலகை.

மல்யுத்தச் சட்டை ஏன் மார்பு திறந்து இருக்கு?

ஒரு காலத்தில் ஒரு பெண் ஆண் வேடத்தில் வந்து எல்லோரையும் தோற்கடித்தாள், அதற்குப் பிறகு பெண் என்றால் தெரிந்துவிடும்படி சட்டையை மாற்றினார்கள் என்பது கதை. கதை என்றாலும் எல்லா மங்கோலியர்களும் பெருமையோடுதான் சொல்வார்கள்.

விதிகளும் தெரிந்துகொள்ள வேண்டியவை. எடைப் பிரிவு கிடையாது. 70 கிலோக்காரர் 130 கிலோக்காரரோடு மோதலாம். தேசிய நாதாமில் வழக்கமாக 512 பேர், ஒன்பது சுற்று. முழங்கால், முழங்கை, உடம்பு தரையில் பட்டால் தோல்வி, உள்ளங்கை படலாம். தோற்றவர் வென்றவரின் கைக்கு அடியில் குனிந்து கடந்து போவார். வென்றவர் இறக்கை விரித்த பறவையைப் போல மெல்ல ஆடுவார்.

பட்டங்கள் நமக்கு மிகவும் பழக்கமான பெயர்கள். ஐந்து சுற்று வென்றால் வல்லூறு, ஏழு வென்றால் யானை, எட்டுக்குக் கருடன், பட்டத்தையே வென்றால் சிங்கம், மறுபடியும் வென்றால் அவர்கா என்ற மாவீரர் பட்டம். யானையும் சிங்கமும் அந்த நிலத்தில் இல்லாதவை, பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து போனவை. கருடனை அவர்கள் "கரித்" என்கிறார்கள்.

சின்னப் பிள்ளைகளைக் குதிரையில ஏத்தி ஓட்டவிடறது கொடுமை இல்லையா?

நியாயமான கேள்வி. மங்கோலியர்களுக்குள்ளேயே சூடாக விவாதிக்கப்படும் விஷயம் இது. பந்தயத்தில் சோதிக்கப்படுவது ஓட்டுபவரின் திறமையைவிடக் குதிரையின் திறனே. அதனால் எடை குறைந்த பிள்ளைகள் ஓட்டுகிறார்கள். குதிரையின் வயதைப் பொறுத்துத் தூரம் மாறும். இரண்டு வயதுக் குட்டிகளுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்றால், வளர்ந்த குதிரைகளுக்கு 25 கிலோமீட்டர் வரை. நடக்கும்போதே குதிரையில் ஏறிவிடும் பிள்ளைகள் என்பது உண்மை. விழுந்து உயிரிழக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. குறைந்தபட்ச வயது, தலைக்கவசம், காப்பீடு எல்லாம் சட்டத்தில் இருக்கின்றன. குளிர்காலப் பந்தயங்களில் பிள்ளைகளை ஓட்டவிடுவதற்கு எதிராகக் குழந்தை உரிமை அமைப்புகள் போராடி வருகின்றன. என் கருத்தைக் கேட்டால், மரபு என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பிள்ளையின் உயிரைப் பணயம் வைக்கக்கூடாது. கோடை நாதாமில் இருக்கும் கட்டுப்பாடுகள் எல்லாப் பந்தயத்துக்கும் வர வேண்டும்.

இந்தப் பந்தயத்தில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. முதல் ஐந்து குதிரைகளைப் புகழ்ந்து பாடி ஐராக் தெளிப்பார்கள். இரண்டு வயதுக் குட்டிகளின் பந்தயத்தில் கடைசியாக வரும் குட்டிக்கும் பாட்டு உண்டு. "வயிறு நிறைந்தவனே, அடுத்த ஆண்டு நீ முதலில் வருவாய்" என்ற பொருளில் தேற்றிப் பாடுவார்கள். ஓடிவரும் குதிரைகளின் வியர்வையைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்று கூட்டமே கை நீட்டிக்கொண்டு ஓடும், பார்த்து நில்லுங்கள்.

மலை மேல கல்லைக் குவிச்சு சுத்தி வர்றாங்களே, அது பௌத்தமா?

அந்தக் குவியல் ஓவோ. பௌத்தம் வருவதற்கு முன்பிருந்தே இருக்கும் மலை, வான வழிபாடு அது. பௌத்தம் அதை அழிக்காமல் தனக்குள் எடுத்துக்கொண்டது. இன்று பௌத்தத் துறவியான லாமாவும் மந்திரம் ஓதுவார், "பூ" எனப்படும் சாமியாடியும் வருவார். வழிப்போக்கர் செய்ய வேண்டியது எளிது. வலமாக மூன்று முறை சுற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கல் சேர்க்க வேண்டும். அவசரமாகப் போகும் ஓட்டுநர்கள் ஒலிப்பானை அடித்துவிட்டு நகர்வார்கள். கல்லை எடுத்துக்கொண்டு வருவது, அருகில் சிறுநீர் கழிப்பது இரண்டும் பெரும் தவறு.

பர்கான் கல்துன், பொக்த் கான், ஒத்கோன்தெங்கெர் ஆகிய மலைகளுக்கு அரசே முறைப்படி வழிபாடு நடத்துகிறது. குடியரசுத் தலைவர் நேரில் வருவார். சில புனித மலைகளின் உச்சிக்குப் பெண்கள் ஏறக்கூடாது என்ற தடை இன்னும் இருக்கிறது. போவதற்கு முன் உள்ளூரில் கேட்டுவிடுங்கள்.

குழந்தைக்கு மொட்டை போடுவாங்களாமே, உண்மையா?

ஆம். ஆண் பிள்ளைக்கு மூன்று அல்லது ஐந்து வயதில், பெண் பிள்ளைக்கு இரண்டு அல்லது நான்கு வயதில். மங்கோலியக் கணக்கில் பிறந்தவுடனே ஒரு வயது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதக் கட்டிய கத்தரிக்கோலைக் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளை ஒவ்வொருவரிடமாகப் போகும். ஒவ்வொருவரும் ஒரு கொத்து வெட்டி, வாழ்த்தி, பணமோ பொம்மையோ கொடுப்பார்கள். மேய்ச்சல் குடும்பமானால் தாத்தா ஒரு குதிரைக்குட்டியையே கொடுத்துவிடுவார். முடியைத் துணியில் முடிந்து பத்திரமாக வைப்பார்கள்.

நம்ம அறுபது வருஷச் சுழற்சி அங்கேயும் இருக்காமே?

இருக்கிறது, தற்செயலும் அல்ல. இந்தியாவிலிருந்து காலச்சக்கரம் என்ற பௌத்த மரபு வழியாகத் திபெத்துக்கும், அங்கிருந்து மங்கோலியாவுக்கும் போன கணக்கு அது. தமிழ் ஆண்டுகளில் பிரபவ 1987-இல் தொடங்கியது. மங்கோலியர்கள் ஜரன் என்று சொல்லும் அறுபதாண்டுச் சுற்றில் 17-ஆவதும் அதே 1987-இல்தான் தொடங்கியது. ஆண்டுக்கொரு விலங்கின் பெயர் உண்டு, சகான் சாரில் "இது என்ன விலங்கின் ஆண்டு?" என்று பேசிக்கொள்வது இந்தச் சுற்றை வைத்துத்தான். கோள்களின் பெயரையும் பாருங்கள்: புதன் "புத்", வெள்ளி "சுகர்", வியாழன் "பர்காஸ்பாதி", செவ்வாய் "அங்காரக்". பள்ளிப் பிள்ளைகளே அங்கே இப்படித்தான் படிக்கிறார்கள்.

கழுகை வச்சு வேட்டையாடறது மங்கோலியர் மரபுதானே?

படங்களில் பார்க்கும் அந்த வேட்டைக்காரர்கள் பெரும்பாலும் கசாக் மக்கள். நாட்டின் மேற்குக் கோடியில் அல்தாய் மலைத்தொடரில் உள்ள பயான்-உல்கி மாகாணத்தில் அவர்களே பெரும்பான்மை. மொழி கசாக், மதம் இஸ்லாம். பலர் 19-ஆம் நூற்றாண்டில் அல்தாயைத் தாண்டி வந்தவர்களின் வழிவந்தவர்கள். அவர்களின் புத்தாண்டு மார்ச் 21, 22 வாக்கில் வரும் நவ்ரிஸ். ஏழு பொருட்கள் சேர்த்துக் காய்ச்சும் கோஜே என்ற கஞ்சி அன்று கட்டாயம்.

வேட்டைக்குப் பெண் கழுகுதான், ஆணைவிடப் பெரியது, வலிமையும் அதிகம். இளம் பறவையைப் பிடித்துப் பழக்கி, சில ஆண்டுகள் வேட்டையாடிவிட்டு, இனப்பெருக்கம் செய்யட்டும் என்று மலைக்கே திருப்பி விட்டுவிடுவார்கள். கழுகு ஐந்தாறு கிலோ இருக்கும். அதைத் தாங்கும் கையைச் சேணத்தில் பொருத்திய கவைக்கோலின் மேல் ஊன்றிக்கொள்வார்கள். அக்டோபரில் உல்கி நகரருகே நடக்கும் தங்கக் கழுகு விழா 1999-இல் தொடங்கியது. விழா புதிது, வேட்டை பழையது. இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

புர்யாத், துவா, கல்மிக் எல்லாம் மங்கோலியர்தானா? அவங்களும் இதையேதான் கொண்டாடுறாங்களா?

புர்யாத் மக்கள் பைக்கால் ஏரியைச் சுற்றி வாழும் மங்கோலிய இனம். அவர்களின் வெள்ளை மாதம் சகால்கான், கோடை விழா சுர்கர்பான். கைகோத்து வட்டமாக ஆடும் யோகோர் நடனம் அவர்களின் அடையாளம். துவா மக்கள் பேசுவது துருக்கிய மொழி, ஆனால் பௌத்தமும் மேய்ச்சலும், ஒருவரே ஒரே நேரத்தில் இரண்டு சுரம் எழுப்பும் தொண்டைப்பாட்டும் மங்கோலியர்களோடு பொது. புத்தாண்டை ஷகா என்பார்கள். கலைமான் வளர்க்கும் துகா மக்கள் துவா வழியினர், மங்கோலியாவின் வடக்கே டைகா காட்டில் வாழ்கிறார்கள்.

கல்மிக் மக்கள் 17-ஆம் நூற்றாண்டில் காஸ்பியன் கடலோரம் போய்ச் சேர்ந்தவர்கள். குளிர்காலத்தில் வரும் சுல் விழாவன்று விளக்கேற்றி, எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரு வயது கூட்டிக்கொள்வார்கள். 1943 டிசம்பரில் ஸ்டாலின் அரசு அந்த இனத்தையே சைபீரியாவுக்கு நாடுகடத்தியது. 1957-இல்தான் திரும்ப முடிந்தது. அவர்கள் வீட்டில் அந்த விளக்கு இன்றும் எரிவதை இந்த வரலாற்றோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சீனாவின் உள் மங்கோலியாவில் நாதாம் உண்டு, ஆனால் மேலே சொன்ன மல்யுத்த விதி அங்கே மாறும். பாதத்தைத் தவிர எது தரையில் பட்டாலும் தோல்வி. சட்டையும் உலோகக் குமிழ் பதித்த தோல்சட்டை. புத்தாண்டைச் சீன நாட்காட்டித் தேதியிலேயே கொண்டாடுகிறார்கள்.

கம்யூனிஸ்ட் ஆட்சியில எல்லாத்தையும் ஒழிச்சுட்டாங்களே. இப்ப இருக்கறது சுற்றுலாவுக்காக உருவாக்கினதுதானே?

பாதி உண்மை. 1937 முதல் 1939 வரை நடந்த அடக்குமுறையில் நூற்றுக்கணக்கான மடங்கள் இடிக்கப்பட்டன, ஆயிரக்கணக்கான லாமாக்கள் கொல்லப்பட்டார்கள். சாம் என்ற முகமூடி நடனம் நின்றுபோனது. ஓவோ வழிபாடு இரவில், ஒளிந்து நடந்தது. ஆனால் நாதாம் மறையவில்லை. 1921 ஜூலைப் புரட்சியின் நினைவு நாள் என்று அதற்குப் புதுக் காரணம் கொடுக்கப்பட்டது, அந்தத் தேதிதான் இன்றுவரை. சகான் சாரை "மேய்ச்சல் கூட்டுறவாளர் நாள்" என்று பெயர் மாற்றி அனுமதித்தார்கள். நாட்டுப்புறத்தில் பெயர் எதுவானாலும் முழங்கையைத் தாங்குவது நிற்கவில்லை.

1990-க்குப் பிறகு மீட்டதில் இந்தியாவுக்கும் பங்குண்டு. அப்போது இந்தியத் தூதராக இருந்த லடாக்கின் குஷோக் பகுலா ரின்போச்சே பத்தாண்டுகள் அங்கேயே இருந்து மடங்களும் துறவுக் கல்வியும் மீண்டும் தழைக்க உழைத்தார். மங்கோலியர்கள் இன்றும் அவர் பெயரைச் சொன்னால் கைகூப்புகிறார்கள்.

பாட்டுப் பாடினா ஒட்டகம் அழுமாமே? கட்டுக்கதையா?

நடப்பதுதான். கோபிப் பாலைவனத்தில் சில தாய் ஒட்டகங்கள் ஈன்ற குட்டியைச் சேர்க்காமல் உதைத்துத் தள்ளும், சில சமயம் தாயை இழந்த குட்டிக்கு வேறு தாய் தேவைப்படும். அப்போது இரண்டையும் அருகருகே கட்டி, ஒருவர் குதிரைத்தலை பொறித்த மோரின் கூர் என்ற வில்வாத்தியத்தை வாசிக்க, ஒரு பெண் "கூஸ், கூஸ்" என்று ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பாடுவார். விடியலிலோ அந்தியிலோ, மணிக்கணக்கில். தாய் முதலில் கத்தும், கடிக்க வரும். பிறகு காது தளரும், கழுத்து தாழும், கண்ணில் நீர் வடியும், குட்டியை முகர்ந்து பால் கொடுக்க விடும். தாய் மனதைக் கரைப்பது இசையா, நீண்ட நேரம் குட்டியின் மணம் பக்கத்திலேயே இருப்பதா என்று நீங்கள் கேட்கலாம். மேய்ப்பவருக்குக் குட்டி பிழைத்தால் போதும். இந்தச் சடங்கை 2015-இல் உடனடிப் பாதுகாப்பு வேண்டியவை என்ற பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்தது. மந்தையை மோட்டார் சைக்கிளில் மேய்க்கும் இளைஞர்களில் இதைப் பாடத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

சரி, எப்ப போனா எதைப் பார்க்கலாம்? வெளியாளுங்க படம் எடுக்கலாமா?

ஜூலை இரண்டாம் வாரம் நாதாம். அறை, வண்டி எல்லாம் பல மாதம் முன்பே நிரம்பிவிடும். அக்டோபர் தொடக்கம் கழுகு விழா. மார்ச் ஏப்ரலில் கோபியில் ஒட்டகங்கள் ஈனும். சகான் சாரில் தனியாகப் போய் இறங்காதீர்கள், கடைகள் மூடியிருக்கும், ஊரே உறவினர் வீட்டில் இருக்கும். அழைப்பு இருந்தால் மட்டும் போங்கள், தேதியை மேலே சொன்னபடி அந்த ஆண்டுக்கு உறுதிசெய்துகொண்டு.

விளையாட்டுகளையும் விழாக்களையும் தாராளமாகப் படம் எடுக்கலாம். கெருக்குள் கேட்டுவிட்டு எடுங்கள். ஓவோ பூசையிலும் சாமியாடும் நேரத்திலும் கருவியைப் பையிலேயே வைத்திருங்கள். எடுத்த படத்தை அனுப்புகிறேன் என்று சொன்னால் கட்டாயம் அனுப்புங்கள். அச்சிட்ட படமாக அனுப்பினால் கோய்மோர் பக்கத்தில் குடும்பப் படங்களோடு சேர்த்து மாட்டிவிடுவார்கள்.